ஸ்டேபிளா, கிளாம்பா, சூடுபசையா? ரீப்பர் படகில் தழும்பு விழாமல் கட்டும் வழிகள்: ஓர் ஒப்பீடு

மெல்லிய மர ரீப்பர்களை விளிம்போடு விளிம்பு ஒட்டி, உள்ளும் புறமும் கண்ணாடி இழைத் துணியும் எப்பாக்ஸி என்ற பிசினும் பூசிக் கட்டும் சிறு படகில், வீட்டில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. படகின் குறுக்குவெட்டு வடிவில் பலகையில் அறுத்த அச்சுகளை வரிசையாக நிறுத்தியாகிவிட்டது. ரீப்பர்களும் அறுத்துத் தயாராக இருக்கின்றன. பசை காயும்வரை ஒவ்வொரு ரீப்பரையும் அச்சோடு எதைக்கொண்டு பிடித்து வைப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. ஸ்டேபிள் அடித்தால் வேலை விரைவாக நகரும், ஆனால் மரத்தில் துளை விழும். அடிக்காவிட்டால் மரம் மாசின்றி இருக்கும், ஆனால் நாட்கள் நீளும். கேள்வியை இப்படி இரண்டே கிளையாகப் பிரித்துக்கொள்வதுதான் குழப்பத்தில் பாதிக்குக் காரணம் என்று நினைக்கிறேன். துளை என்பது ஸ்டேபிளால் வரும் சேதங்களில் ஒன்று மட்டுமே. கண்ணை உறுத்தும் சேதங்கள் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகின்றன.

எவ்வளவு துளைகளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள ஒரு கனூவில் (மேலே திறந்த, துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகில்) 30 செ.மீ. இடைவெளிக்கு ஒன்றாகச் சுமார் 15 அச்சுகள் நிற்கும். ரீப்பரின் தடிமன் 6 மி.மீ., அகலம் 19 மி.மீ. என்று கொண்டால் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 60 ரீப்பர்கள் தேவைப்படும். ஒவ்வொரு ரீப்பரையும் ஒவ்வோர் அச்சிலும் ஒருமுறை அடித்தால் 900 ஸ்டேபிள்கள், அதாவது 1,800 துளைகள். முனைகளுக்குப் போகப்போக ரீப்பர்கள் குறைந்து மெலியும் என்பதால் எண்ணிக்கை சற்றுக் குறையலாம். ஆயினும் இத்தனை முறை செய்யப்போகும் ஒரு வேலையில் ஒவ்வொரு முறையும் நேரும் சிறு பிசகு படகு முழுவதும் அச்சாகிவிடும் என்பதால், முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் சற்று நிதானிப்பது நியாயமே.

## சேதம் நான்கு வகை

முதலாவது, ஸ்டேபிளின் கால்கள் இறங்கிய துளை. இதை எந்தக் கவனத்தாலும் தவிர்க்க முடியாது, அடித்தால் விழும். இரண்டாவது, ஸ்டேபிளின் முதுகு மரத்தில் அழுந்திய பள்ளம். சீடர் போன்ற இளகிய மரத்தில் நகம் பட்டாலே தடம் விழும்; அதில் ஸ்டேபிள் கன்னின் முழு வேகமும் இறங்கினால் நார்கள் நசுங்கிவிடும். மூன்றாவது, பிடுங்கும்போது நேரும் பிய்ப்பு: நெம்பும் கருவி மரத்தில் ஊன்றிய தடமும், பசையில் ஒட்டிக்கொண்ட ஸ்டேபிளோடு சேர்ந்து பெயர்ந்து வரும் நார்களும் இதில் அடங்கும். நான்காவது, கறை. மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், ஈரம், இரும்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் நீலங்கலந்த கருமை படியும். தண்ணீரில் கரைந்த மரப்பசையே இதற்குத் தேவையான ஈரத்தைக் கொடுத்துவிடும் என்பதால், மழையோ பனியோ படாத கொட்டகைக்குள்ளும் இந்தக் கறை வரக்கூடும்.

இந்த நான்கில் முதலாவது மட்டுமே ஸ்டேபிளோடு கூடப் பிறந்தது. மற்ற மூன்றும் எந்த ஸ்டேபிள், எப்படி அடித்தோம், எப்போது எப்படிப் பிடுங்கினோம் என்பதைப் பொறுத்தவை. ஆகவே ஸ்டேபிளை முற்றிலும் கைவிடுவதால் கூடுதலாகக் கிடைப்பது துளையில்லாமை ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக எவ்வளவு நேரமும் உழைப்பும் கொடுக்கத் தயார் என்பதே உண்மையில் முடிவு செய்ய வேண்டியது.

## எவற்றைக்கொண்டு எடைபோடுவது

எல்லாவற்றுக்கும் மேலானது படகின் இறுதிப் பூச்சு. பெயின்ட் அடிக்கப்போகும் படகில் துளை, பள்ளம், கறை மூன்றுமே பூச்சுக்கு அடியில் மறைந்துவிடும்; அங்கே ஸ்டேபிள் வேண்டாம் என்று பாடுபடுவது வீண். மரத்தின் நிறமும் ரேகையும் தெரியும்படி வார்னிஷ் அடிக்கும் படகில்தான் இந்தக் கேள்விக்கே பொருள் உண்டு.

அடுத்தது மரம். வெளிறிய, இளகிய மரத்தில் தழும்பு தெளிவாகத் தெரியும். அடர்நிறமுள்ள மரத்தில் துளை எளிதில் கண்ணில் படாது. டானின் மிகுந்த சிவப்பு சீடர், ஓக் போன்றவற்றில் இரும்புக் கறையின் அபாயம் கூடுதல்.

மூன்றாவது நேரம். மொத்தம் எவ்வளவு நேரம் என்பதோடு, அது எந்த வடிவில் கையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வார இறுதியில் ஒரு முழுநாள் கிடைப்பவருக்கும் தினமும் மாலையில் அரைமணி கிடைப்பவருக்கும் உகந்த முறை ஒன்றாக இருக்க முடியாது. ஒப்பிடுபவர்கள் பலரும் விட்டுவிடும் அளவுகோல் இதுதான்.

நான்காவது படகின் வடிவம். ரீப்பர் மெல்ல வளையும் பக்கப் பகுதியில் எந்த முறையும் ஒத்துவரும். படகின் முன்முனையான அணியத்தை நெருங்கும்போது ரீப்பர் முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். பக்கம் அடிப்பகுதியாகத் திரும்பும் இடத்தில் வளைவு கடுமையாகும். அங்கே பிடிப்பின் பலம் முதன்மையாகிறது.

## வெறும் ஸ்டேபிள்

ஸ்டேபிளை நேரடியாக ரீப்பரின் மேல் வைத்து அச்சில் இறங்கும்படி அடிப்பது பழகிய முறை. 6 மி.மீ. ரீப்பருக்கு 14 மி.மீ. கால் உள்ள ஸ்டேபிள் அச்சுக்குள் 8 மி.மீ. இறங்கி, முறுக்கிய ரீப்பரையும் பிடித்து நிறுத்தும். முறுக்கம் இல்லாத இடங்களில் 10 மி.மீ. காலே போதும், நீளம் குறையக் குறையப் பிடுங்குவதும் எளிது, சேதமும் குறைவு. அச்சு ப்ளைவுட்டாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் அல்லது துகள் பலகையின் விளிம்பில் ஸ்டேபிள் தளர்ந்து எழுந்துவிடும். அதைச் சரிக்கட்ட மேலும் இரண்டு அடிப்பார்கள், துளை மும்மடங்காகும். அச்சுக்கான பலகையில் மிச்சம் பிடித்த பணம் படகின் தோலில் தெரிவது இப்படித்தான்.

ஸ்டேபிளின் முதுகு எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் பொருட்படுத்த வேண்டியது. நாரின் போக்கிலேயே கிடந்தால் இரு கால்களும் ஒரே ரேகையில் இறங்கி ரீப்பரைப் பிளக்கக்கூடும். முதுகும் எளிதாக உள்ளே புதையும். நாருக்குக் குறுக்கே கிடந்தால் பிளவு வராது, பிடிப்பும் நன்று, ஆனால் நார்கள் குறுக்காக நசுங்கி ஒரு கோடு தெரியும். சற்றே சாய்வாக அடிப்பது இரண்டுக்கும் நடுவிலான வழி. எந்தத் திசையைத் தேர்ந்தாலும் படகு முழுவதும் அதையே கடைப்பிடித்து, ஓர் அச்சின் மேல் விழும் ஸ்டேபிள்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பென்சிலால் குறித்து அடித்தால், முடிந்த படகில் அந்தத் துளை வரிசைகள் வேலையின் ஓர் அங்கமாகத் தோன்றும். சிதறிக் கிடக்கும் துளைகளே பிழையாகத் தெரிகின்றன.

பள்ளத்தைக் குறைக்க, ஸ்டேபிள் முழுவதும் இறங்காமல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே நிற்கும்படி அடிக்க வேண்டும். கையால் அழுத்தும் கன்னின் மூக்கில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டிவிட்டால் இந்த இடைவெளி தானாகவே கிடைக்கும். கன்னின் உலோக மூக்கு மரத்தில் பதிக்கும் தடமும் நின்றுவிடும். காற்றழுத்தத்தால் இயங்கும் கன் என்றால் அழுத்தத்தைக் குறைத்து, கழிவுத் துண்டில் அடித்துப் பார்த்த பிறகே ரீப்பரில் வைக்க வேண்டும். முழு அழுத்தத்தில் அது மெல்லிய சீடரைக் கிட்டத்தட்ட ஊடுருவிவிடும்.

மறைமுகச் செலவுகள் என்று பார்த்தால், பிடுங்கும் நேரம் முதலில் நிற்கிறது. 900 ஸ்டேபிள்களை ஒவ்வொன்றாகக் கவனத்தோடு எடுப்பது ஒரே மாலையில் முடியாத, சலிப்பூட்டும் வேலை. சலிப்பு வந்த பிறகு எடுப்பவைதான் மரத்தைப் பிய்க்கின்றன. உடைந்து உள்ளேயே தங்கிய கால் இழைப்புளியின் வாயைப் பதம் பார்க்கும். எஃகாக இருந்தால் பிறகு துருப்பிடித்துப் பூச்சுக்கு அடியில் கறையாகப் பரவும். துருப்பிடிக்காத எஃகு ஸ்டேபிள் விலை கூடுதல்தான் என்றாலும், டானின் உள்ள மரத்துக்கு அந்தக் கூடுதலைக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பெயின்ட் அடிக்கும் படகு, முதல் படகு, விரைவில் தண்ணீரில் இறங்க வேண்டிய படகு ஆகியவற்றுக்கு இதுவே போதும்.

## தாங்குத் துண்டு வைத்து அடிக்கும் ஸ்டேபிள்

ஸ்டேபிளின் முதுகுக்கும் ரீப்பருக்கும் இடையில் ஒரு சிறு துண்டை வைத்து அடிப்பது இரண்டாம் வழி. 2 அல்லது 3 மி.மீ. ப்ளைவுட் சில்லு, பெட்டிகளைக் கட்டும் தடித்த பிளாஸ்டிக் நாடாவின் துண்டு, ரீப்பர் அறுக்கும்போது மிஞ்சிய சிராய் ஆகிய எதுவும் இதற்குப் பயன்படும். முதுகின் அழுத்தம் துண்டில் பரவிவிடுவதால் பள்ளம் விழுவதில்லை. பிடுங்கும்போது கருவி ஊன்றுவதும் துண்டின் மேல்தான் என்பதால் நெம்பிய தடமும் இல்லை. நான்கு சேதங்களில் இரண்டை இந்த ஒரு சிறு துண்டு ஏறக்குறைய முழுவதுமாக நீக்கிவிடுகிறது.

இதே முறையின் ஒரு கிளை, ஸ்டேபிளுக்குப் பதிலாகத் துண்டின் நடுவில் ஒரு மெல்லிய ஆணியை அடிப்பது. ஒரு பிடிப்புக்கு இரண்டு துளைக்குப் பதில் ஒரே துளை; துண்டோடு சேர்த்துக் குறட்டால் பற்றி நேராக இழுத்தால் வந்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஆணியையும் கையால் அடிக்க வேண்டும். அந்த அதிர்ச்சியில் பக்கத்தில் இன்னும் காயாத ஒட்டு அசையக்கூடும்.

துண்டின் தடிமனுக்கு ஏற்ப நீளமான ஸ்டேபிள் வேண்டும் என்பது முதல் மறைமுகச் செலவு. இரண்டாவதைப் பலரும் தாமதமாகவே உணர்கிறார்கள்: ஒட்டிலிருந்து பிதுங்கும் பசை துண்டுக்கு அடியில் பரவி, அதையும் ரீப்பரோடு ஒட்டிவிடும். மரத்துண்டு என்றால் அடியில் மெழுகு பூசிய காகித நாடாவை ஒட்டிக்கொள்ளலாம். மெழுகை நேராகத் தடவுவது கூடாது, அது ரீப்பரில் படிந்தால் பின்னால் எப்பாக்ஸி பிடிக்காது. பிளாஸ்டிக் நாடாவில் இந்தத் தொல்லையே இல்லை. மரப்பசை அதில் ஒட்டுவதில்லை. அதனால் மரச் சில்லைவிடப் பிளாஸ்டிக்கையே நான் விரும்புவேன். மூன்றாவது, துண்டு ஒட்டின் மேல் கிடந்தால் அந்த இடத்தில் இடுக்கு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்க்க முடியாது. துண்டை ரீப்பரின் அகலத்தைவிடக் குறுகலாக வெட்டிக்கொண்டால் இது தீரும்.

வார்னிஷ் அடிக்கப்போகிற, ஆனால் நாட்களை நீட்டிக்க விரும்பாத பெரும்பாலானோருக்கு இதுவே பொருத்தமான முறை என்பது என் கணிப்பு. அடிக்கும் வேகம் வெறும் ஸ்டேபிளைவிடச் சற்றே குறைவு. பிடுங்கும் வேகம் அதைவிட அதிகம். இரண்டையும் கூட்டினால் மொத்த நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

## ஸ்டேபிளே இல்லாமல்: கிளாம்ப், ஆப்பு, நாடா

அச்சின் விளிம்பிலிருந்து சற்று உள்ளே வரிசையாகத் துளைகள் இட்டு, அவற்றில் இறுக்கிப் பிடிக்கும் கவ்வியான கிளாம்பின் ஒரு வாயை மாட்டி, மறு வாயால் ரீப்பரை அழுத்துவது இம்முறையின் அடிப்படை. ப்ளைவுட்டில் வெட்டிய வளைந்த கொக்கிகளை அச்சில் மாட்டி, கொக்கிக்கும் ரீப்பருக்கும் இடையே சிறு ஆப்புகளைச் செருகி இறுக்குவதும் உண்டு. கொக்கியை வீட்டிலேயே வெட்டிக்கொள்ளலாம் என்பதால், அச்சுக்கு ஒன்றாக இரு பக்கத்துக்கும் முப்பது கிளாம்ப் வாங்கும் செலவு மிச்சமாகும். அச்சுகளுக்கு இடையே ரீப்பரை ரீப்பரோடு இழுத்துப் பிடிக்க ஒட்டும் நாடாவும், படகைச் சுற்றி இழுத்துக் கட்டும் ரப்பர் கயிறும் உதவும்.

இங்கே ரீப்பரின் விளிம்பு முக்கியமாகிறது. ஒரு விளிம்பு குவிந்தும் மறு விளிம்பு குழிந்தும் வெட்டிய ரீப்பர்கள் ஒன்றினுள் ஒன்று அமர்ந்து, அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளத்திலும் வழுவாமல் நிற்கும். தட்டையான விளிம்பைக் கையால் சாய்த்து இழைத்துப் பொருத்துபவர்கள் ஸ்டேபிள் இல்லாமல் கட்டுவது மிகக் கடினம். இழுத்துப் பிடிக்க ஏராளமான நாடா தேவைப்படும்.

துளை, பள்ளம், பிய்ப்பு, கறை என்ற நான்குமே இம்முறையில் இல்லை என்று சொல்லலாம். ஒட்டும் நாடாவை நாள்கணக்கில் விட்டுவைத்தால் மட்டும் அதன் பசை மரத்தில் தங்கும், எடுக்கும்போது மென்மையான நார்களும் மேலெழும். மறுநாளே எடுத்துவிடுவது நல்லது.

செலவு நேரத்தில் வருகிறது. கிளாம்ப் இருக்கும் இடத்தில் அடுத்த ரீப்பரை வைக்க முடியாது. பசை ஓரளவு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். சாதாரண மரப்பசை அரைமணி முதல் ஒரு மணிநேரத்தில் பிடித்துக்கொள்ளும் என்றாலும், முறுக்கத்தால் இழுபட்டு நிற்கும் ரீப்பரை அவ்வளவு விரைவில் விடுவிக்கக் கூடாது. முழு பலம் வர ஏறத்தாழ 24 மணிநேரம் ஆகும். ஒரு பக்கத்துக்கு 30 ரீப்பர், நாளுக்கு ஒன்று என்றால் ஒரு மாதம். காலையும் மாலையும் ஒவ்வொன்று என்றால் 15 நாள். ஸ்டேபிளோடு பக்கத்துக்கு நாளுக்கு ஐந்தாறு ரீப்பர் வைப்பவர் அதே உடலை ஒரு வாரத்துக்குள் மூடிவிடுவார்.

ஆனால் இந்தக் கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு ரீப்பர் வைப்பவருக்கு அன்றைய வேலை அரைமணிக்குள் முடிந்துவிடுகிறது. மாலையில் அவ்வளவே நேரம் கிடைப்பவர் ஸ்டேபிள் அடித்தாலும் ஓரிரண்டு ரீப்பர்களுக்கு மேல் வைக்கப்போவதில்லை. பிறகு பிடுங்கும் வேலைக்குத் தனியாக மாலைகளை ஒதுக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு ஸ்டேபிளற்ற முறையால் நாள் விரயம் என்பதே இல்லை. முழுநாள் விடுமுறைகளில் மட்டும் வேலை செய்பவருக்கோ இம்முறை பெரும் இழப்பு; பசை காய்வதைப் பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்க நேரும்.

இன்னொரு மறைமுகச் செலவு படகின் வடிவத்தில் இருக்கிறது. கிளாம்ப் சற்றுத் தளர்ந்தாலும் ரீப்பர் அச்சைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றுவிடும். அடுத்த ரீப்பர் அந்தப் பிழையையே பின்பற்றும். பின்னர் மேடுகளை இழைத்துச் சமப்படுத்தும்போது 6 மி.மீ. மரம் சில இடங்களில் 5 மி.மீ.க்கும் கீழே போய்விடலாம். துளையில்லாத, ஆனால் மெலிந்த தோலைவிடத் துளையுள்ள சீரான தோல் மேல். ஆகவே இம்முறையைத் தேர்ந்தவர்கள் ஒவ்வொரு ரீப்பரும் ஒவ்வோர் அச்சிலும் படிந்திருக்கிறதா என்று உள்பக்கம் விளக்கு வைத்துப் பார்த்த பின்னரே பசை காய விட வேண்டும்.

படகின் அடிப்பகுதியை மூடும் கட்டத்தில் கிளாம்பின் வாய் எட்டாமல் போகும் என்பதையும் முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும். அங்கே ரப்பர் கயிறும், கயிற்றின் அடியில் செருகும் ஆப்பும், சில நேரம் மேலே வைக்கும் எடையும்தான் துணை.

## சூடுபசை

அச்சின் விளிம்பில், சூட்டில் உருகி ஆறியதும் இறுகும் சூடுபசையை ஒரு சொட்டு இட்டு, ரீப்பரை அதன்மேல் அழுத்திச் சில நொடிகள் பிடித்தால் நின்றுவிடும். வெளிப்பக்கம் எந்தத் தழும்பும் இல்லை, வேகமும் ஸ்டேபிளுக்கு நிகர். கேட்பதற்கு இதுவே எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றும்.

ஆனால் சேதம் இடம்மாறி உள்பக்கம் போய்விடுகிறது. உடல் முடிந்து அச்சுகளிலிருந்து தூக்கும்போது நூற்றுக்கணக்கான சொட்டுகள் ஒரே சமயத்தில் விடுபட மறுக்கும். வலிந்து இழுத்தால் ரீப்பரின் உள்முகத்திலிருந்து நார்கள் பெயரும், இளம் ஒட்டுகள் விரிசல் விடவும் கூடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை விளிம்போரம் சொட்டினால் பசையின் பிடி தளரும் என்றாலும், ஒவ்வொரு சொட்டுக்கும் கையை நுழைக்க வேண்டும். எஞ்சிய பசையை முழுவதும் சுரண்டி எடுக்காவிட்டால் உள்பக்கம் எப்பாக்ஸி பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்தால் சூடுபசை உருகித் தாளில் அப்பிக்கொள்ளுமே ஒழியப் போகாது. கூரிய சுரண்டியால்தான் எடுக்க வேண்டும். முறுக்கம் உள்ள இடத்தில் இதன் பிடிப்பு போதாது; வெயிலில் கொட்டகை சூடேறும் நாளில் சொட்டு இளகி ரீப்பர் மெல்ல விலகவும் வாய்ப்புண்டு.

மேலே தளம் மூடி உள்பக்கம் கண்ணுக்கே தெரியாத கயாக்குக்கு இது ஓரளவு ஏற்கத்தக்கது. உள்பக்கமும் திறந்து தெரியும் கனூவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## உள்ளேயே விட்டுவிடும் ஸ்டேபிள்

மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்குநெடுக்காக ஒட்டிக் கட்டும் அடுக்குமுறைப் படகுகளில் ஸ்டேபிளைப் பிடுங்காமல் விட்டுவிடுவதும் உண்டு. நிக்கலும் செம்பும் கலந்த மோனெல், வெண்கலம் ஆகியவை துருப்பிடிக்காதவை என்பதால் உள் அடுக்குகளில் நிலையாகத் தங்கலாம். கடினமான பிளாஸ்டிக்கில் வார்த்த ஸ்டேபிள்களை இழைப்புளியாலும் உப்புத்தாளாலும் மரத்தோடு சேர்த்தே சமப்படுத்திவிடலாம். ஆனால் அவற்றை அடிக்கத் தனியான காற்றழுத்தக் கன் வேண்டும். ஒற்றை அடுக்கு ரீப்பர் படகில் ஸ்டேபிள் அச்சுக்குள் இறங்கியிருக்கும் என்பதால் உள்ளேயே விடுவது பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | வெறும் ஸ்டேபிள் | துண்டு வைத்த ஸ்டேபிள் | கிளாம்ப், ஆப்பு, நாடா | சூடுபசை |
|---|---|---|---|---|
| துளை | உண்டு | உண்டு | இல்லை | இல்லை |
| பள்ளம் | பெரும்பாலும் உண்டு | அரிது | அரிது | இல்லை |
| பிய்ப்பு | கவனத்தைப் பொறுத்தது | அரிது | நாடாவை நீட்டி விட்டால் மட்டும் | உள்பக்கம் உண்டு |
| இரும்புக் கறை | எஃகானால் உண்டு | எஃகானால் உண்டு | இல்லை | இல்லை |
| ரீப்பர் வைக்கும் வேகம் | மிக வேகம் | வேகம் | மெதுவு | வேகம் |
| பின்வேலை | பிடுங்குதல், பள்ளம் எழுப்புதல் | பிடுங்குதல் | குறைவு. சமப்படுத்துதல் கூடலாம் | உள்பக்கம் சுரண்டுதல் |
| முறுக்கமுள்ள முனைகள் | நன்று | நன்று | கடினம் | போதாது |
| உகந்த படகு | பெயின்ட் அடிப்பது | வார்னிஷ் அடிப்பது | வார்னிஷ், வெளிர்மரம், மாலைவேலை | மூடிய கயாக் |

## ஒரே படகில் இரண்டு முறை

அட்டவணையில் ஒரு நிரலைத் தேர்ந்து படகு முழுவதற்கும் அதையே கையாள வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டக் கோடு வரையிலான பக்கப்பகுதிதான் பார்ப்பவர் கண்ணில் படுவது. அங்கே வளைவும் குறைவு, கிளாம்பும் எளிதில் எட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பகுதி படகு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே தெரியும்; அங்கேதான் வளைவு கடுமை, கிளாம்பும் எட்டாது. எனவே மேலே கிளாம்ப், வளைவு தொடங்கியதும் துண்டு வைத்த ஸ்டேபிள் என்று பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் தனக்கு எளிதான இடத்தில் மட்டுமே வேலை செய்யும். பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ரீப்பர்கள் கிளாம்பில் போனாலும் கூடுவது சில நாட்களே.

திறந்த கனூவின் உள்பக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஸ்டேபிளின் கால் ரீப்பரை ஊடுருவியே அச்சுக்குள் இறங்குகிறது. ஆகவே அடிப்பகுதியின் துளைகள் உள்ளே உட்காருபவரின் காலடியில் தெரியும். அவற்றைக் குறைக்க வழி உண்டு. குவிந்த, குழிந்த விளிம்புள்ள ரீப்பர்கள் தட்டையான பகுதியில் ஒன்றுவிட்ட ஓர் அச்சில் மட்டும் ஸ்டேபிள் அடித்தாலே நிற்கும். 900 என்பது 500க்கு அருகில் வந்துவிடும்.

## பிடுங்குவதில் கவனிக்க வேண்டியவை

எந்த ஸ்டேபிள் முறையானாலும் தழும்பின் பெரும்பகுதி பிடுங்கும்போதுதான் உண்டாகிறது. பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டால் ஸ்டேபிள் பசையில் சிறைப்படாது. ஒட்டு முழு பலம் பெற்ற மறுநாளைக்குப் பிறகு எடுக்கலாம். ஆனால் எஃகு ஸ்டேபிளை டானின் உள்ள மரத்தில் வாரக்கணக்கில் விட்டுவைப்பது கறையை வரவேற்பதாகும்.

கருவியின் நுனி மெல்லியதாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் ஸ்டேபிள் எடுப்பானின் நுனியை அரத்தால் இன்னும் மெலிதாக்கிக்கொள்வது பயனுள்ளது. முதுகின் அடியில் நுனியைச் செலுத்தி, முதலில் ஒரு காலையும் பிறகு மற்றக் காலையும் சிறிது சிறிதாக எழுப்பி, இறுதியில் குறட்டால் பற்றி நேர்மேலாக இழுக்க வேண்டும். ஒரே நெம்பில் எடுத்தால் கால் சாய்ந்து வந்து துளையை நீள்வாக்கும். நெம்பும்போது கருவியின் குதிகால் பதியும் இடத்தில் ஒரு பட்டித் தகட்டை வைத்துக்கொள்வது கட்டாயம்.

## பட்டுவிட்ட தழும்புக்கு

நார் நசுங்கிய பள்ளம் வெந்நீரால் எழும். ஈரத்துணியைப் பள்ளத்தின் மேல் இட்டு, சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் சில நொடிகள் ஒற்றினால் நார்கள் நீராவியில் ஊதி மேலே வரும். துளையும் ஓரளவு குறுகும். அறுபட்ட நாருக்கு இது உதவாது. இதைத் தேய்ப்பு வேலைக்கு முன்னரே செய்ய வேண்டும்: பள்ளத்தைச் சமப்படுத்தித் தேய்த்துவிட்டால், பின்னால் ஈரம் பட்டதும் நசுங்கியிருந்த நார் எழுந்து அந்த இடமே மேடாகிவிடும். எப்பாக்ஸி பூசும் முன் மரம் நன்கு காயவும் வேண்டும்.

இரும்புக் கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் வெளுக்கச் செய்யும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து தடவி, பிறகு தண்ணீரால் பலமுறை கழுவி எச்சத்தை நீக்க வேண்டும். காய்ந்த எச்சத்தின் தூசு மூச்சில் போவது தீங்கு என்பதால், கழுவாமல் உப்புத்தாள் போடக் கூடாது.

துளையைத் தனியாக அடைக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, வேண்டாம் என்பதே என் பதில். மரத்தூளை எப்பாக்ஸியில் குழைத்து அடைத்தால் அது சுற்றியுள்ள மரத்தைவிட அடர்ந்த நிறமாகி, சிறு புள்ளி பெரும்புள்ளியாகும். பல்குச்சியைச் செருகி வெட்டினாலும் அதன் வெட்டுமுகம் எப்பாக்ஸியை அதிகம் உறிஞ்சிக் கறுத்துத் தெரியும். மெழுகு வகை நிரப்பிகள் எப்பாக்ஸியின் பிடிப்பையே கெடுத்துவிடும். துணி போர்த்தும் முன் ஒரு மெல்லிய எப்பாக்ஸிப் பூச்சு கொடுத்தால் துளைகள் தாமாகவே நிரம்பும். அதை வெப்பநிலை இறங்கிக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் பூசுவது நல்லது. வெப்பம் ஏறும் காலையில் பூசினால் துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு குமிழாக எழும். துளைவழியே எப்பாக்ஸி மறுபக்கம் ஒழுகும் என்று தோன்றினால், அச்சுகளை நீக்கிய உடலில் உள்பக்கத்தில் முன்பே நாடா ஒட்டிவைக்கலாம்.

பூச்சுக்குப் பிறகு எந்தத் தழும்பு எவ்வளவு தெரியும் என்று முன்கூட்டியே அறியவும் எளிய வழி உண்டு. தேய்ப்பு வேலை முடிந்த மரத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் எப்பாக்ஸி பட்டதும் வரப்போகும் நிறம் சில நிமிடங்களுக்குத் தெரியும்; விட்டுப்போன பசைக்கறையும் எழாத பள்ளமும் அப்போது வெளிப்படும். அது காயும் முன் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டால், மறுநாள் உப்புத்தாளை எங்கே வைப்பது என்று தேட வேண்டியதில்லை.